கிளைவ் வீடு என்கிறார்கள். யார் கட்டிய வீடு?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு இருக்கிறது. ஆங்கிலேயன் வைத்த பெயர் 'கார்டன் ஹவுஸ்'. ஊர்க்காரர்களுக்குக் கலெக்டர் பங்களா. 1733இல் கட்டப்பட்டது என்கிறார்கள். கூரையில் மரம் கிடையாது, இரும்பு கிடையாது, செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும்தான் என்று அதிசயமாகச் சொல்கிறார்கள். அதிசயம்தான், மறுக்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. சேரிக் குடிசைகளில் கூரை மிஞ்சவில்லை. அந்த வீடு நின்றது.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள், சுற்றுலாக் குறிப்பு எழுதுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் ஊர் வரலாறு சொல்கிற வாத்தியார்கள் எல்லோரும் இந்த வீட்டைப் பற்றி ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: இது ராபர்ட் கிளைவ் குடியிருந்த வீடு. அத்தோடு கதை முடிந்தது.

சரி, கிளைவ் எத்தனை நாள் குடியிருந்தான்? கணக்குப் பார்ப்போம். 1744இல் கம்பெனிக் குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்தவன். 1746இல் பிரெஞ்சுக்காரன் சென்னையைப் பிடித்தபோது மாறுவேடம் போட்டுக்கொண்டு தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஓடிவந்தவன். இங்கேதான் பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினான். பிறகு சீமைக்குப் போய்த் திரும்பி, 1756 ஜூனில் இந்தக் கோட்டைக்கு ஆளுநராகப் பொறுப்பேற்றான். ஆகஸ்டில் கல்கத்தா விழுந்த சேதி வந்தது. அக்டோபரில் கப்பல் ஏறி வங்காளம் போய்விட்டான். ஆளுநராக அவன் இருந்தது நாலு மாசம். அந்த நாலு மாசத்துக்காக வீட்டுக்கு அவன் பெயர், கடலூரில் ஒரு தெருவுக்கும் அவன் பெயர்.

அந்த வீட்டுக்குச் செங்கல் அறுத்தவர்கள், கிளிஞ்சல் பொறுக்கியவர்கள், காளவாயில் சுண்ணாம்பு சுட்டவர்கள், கலவை மிதித்தவர்கள், சாந்துச் சட்டியைத் தலையில் ஏற்றியவர்கள், இருநூறு வருஷத்துக்கு மேல் அதன் கொல்லைப்புறத்தைக் கூட்டியவர்கள், மலக்கூடையைச் சுமந்தவர்கள், பங்காக் கயிற்றை இழுத்தவர்கள் - இவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கும் இல்லை. இவர்களெல்லாம் எந்தச் சாதி என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. "ஆதாரம் காட்டு" என்று கேட்பவர்கள் உண்டு. அய்யா, கெடிலத்தங்கரையிலும் பெண்ணையாற்றங்கரையிலும் இன்றைக்கும் புகைகிற செங்கல் சூளைகளுக்குப் போய்ப் பாருங்கள். கணவனும் மனைவியும் பிள்ளையுமாக முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மண்ணைப் பிசைகிறவர்கள் யார் என்று கேளுங்கள். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகே இந்த நிலை என்றால், 1733இல் மண் பிசைந்தவன் யாராக இருந்திருப்பான்?

கிளைவுக்கு ஆவணம் இருக்கிறது. எழுதத் தெரிந்தவன், எழுதிக்கொண்டான். நமக்கு ஆவணம் இல்லை, எழுத விடவில்லை. எழுத விடாதவனே இன்று வந்து "எழுதியிருக்கிறதா?" என்று கேட்கிறான்.

* * *

இந்த வீட்டின் கதையை 1733இல் தொடங்கக் கூடாது. 1690இல் தொடங்க வேண்டும். அந்த வருஷம் செஞ்சியில் இருந்த மராட்டிய ராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்ந்தது. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அவ்வளவு. சும்மா விடுவானா? பெரிய பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுற்றிலும் சுட்டான். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்கு. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் வெகுகாலம் வழங்கியது.

வரலாற்றுப் புத்தகங்களில் இது வேடிக்கைக் கதையாக வருகிறது. நமக்கு இதில் வேடிக்கை இல்லை. அந்த வட்டத்துக்குள் ஊர் இருந்தது என்றால் சேரியும் இருந்தது. விற்றவன் சேரியைக் கேட்கவில்லை, வாங்கியவனும் கேட்கவில்லை. நிலத்தோடு கிணறும் மரமும் போனதைப் போல மனுசனும் போனான். இதை ஆங்கிலேயன் புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை. நிலத்தை விற்கும்போது அதில் உழைக்கிற பறையனையும் பள்ளனையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிற வழக்கம் அவன் வருவதற்கு முன்பே இங்கே இருந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு 'ஆளோலை' என்ற சொல் தெரியும். சுந்தரரைச் சிவன் தடுத்தாட்கொண்ட கதையில் அது பக்தி. வயக்காட்டில் அதற்குப் பெயர் அடிமைச் சீட்டு.

கோட்டையை வாங்கியபோது சென்னையில் ஆளுநராக இருந்தவன் எலிஹூ யேல். அவன் காலத்தில் சென்னையிலிருந்து போகிற ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றி அனுப்ப உத்தரவு இருந்தது. இங்கே சம்பாதித்த காசில் அவன் கொடுத்த நன்கொடைக்காக அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவன் பெயரை வைத்தார்கள். அந்த யேல் பல்கலைக்கழகம், அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்பை ஆய்வாளர்களை வைத்துத் தோண்டி, புத்தகமாக்கி, 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பால் செத்தவன் திரும்பமாட்டான், தெரியும். ஆனாலும் அங்கே கேள்வி கேட்டார்கள், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது. அவன் வாங்கிப் போட்ட கோட்டை இருந்த ஊரில் நாம் இன்னும் கேள்வியே கேட்கவில்லை.

* * *

இன்னொரு சம்பவம். இதைச் சொன்னால்தான் வரலாறு எழுதுகிறவனின் கண் எங்கே இருக்கிறது என்பது புரியும்.

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையை முற்றுகையிட்டான். பீரங்கி இழுக்க மாடு போதவில்லை, சுமை தூக்க ஆள் போதவில்லை. புதுச்சேரியிலிருந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்துவந்து வேலை வாங்கினான். பார்ப்பான், வேளாளன், பறையன் என்று பார்க்கவில்லை. எல்லோரையும் ஒரே சுமையில், ஒரே கயிற்றில் பூட்டினான். ஜூன் மாதம் கோட்டை விழுந்தது, இடித்துத் தள்ளினான்.

ஆங்கில வரலாற்றாசிரியர்களும், அவர்களைப் படித்து எழுதிய நம்மூர்க்காரர்களும் லாலியின் பெரிய குற்றமாகச் சொல்வது எதை? உயர்சாதிக்காரனைப் பறையனோடு சேர்த்துச் சுமக்க வைத்தானே, மக்களின் பழக்க வழக்கத்தை மதிக்கவில்லையே, அதனால்தான் பிரெஞ்சுக்காரன் இந்தியாவை இழந்தான் என்று பக்கம் பக்கமாக வருத்தப்படுகிறார்கள். அதே கயிற்றில் பறையன் காலங்காலமாகக் கட்டுண்டு கிடந்தானே, அதற்கு ஒரு வரி உண்டா? பார்ப்பான் ஒரு நாள் சுமந்தால் வரலாறு. பறையன் ஆயிரம் வருஷம் சுமந்தால் அது வழக்கம்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர். அவருடைய தாத்தா கடலூரில் ஒரு துரை பங்களாவில் பங்கா இழுத்தவராம். அவர் சொன்னார்: "கால் கட்டவெரல்ல கயித்த மாட்டிக்கிட்டுப் படுத்துக்கினே இழுக்கணுமாம் தம்பி. ராவெல்லாம் இழுக்கணும். கண்ணு அசந்து பங்கா நின்னுச்சுன்னா உள்ளேருந்து பூட்ஸ் பறந்து வருமாம். காத்து தொரைக்கு, வேர்வ எங்க தாத்தாவுக்கு." இதற்குக் கல்வெட்டு இல்லை. தாத்தா சொல்லி, அப்பா சொல்லி, இவர் சொல்லி, நான் கேட்டது. எழுதி வைத்திருக்கிறேன். இனிமேல் இதுவும் ஆவணம்தான்.

துரை வீட்டுச் சமையற்கட்டில் வேலை செய்ததும் நம்மவர்கள்தான். மாட்டுக்கறியையும் பன்றிக்கறியையும் சாராயத்தையும் தொட மற்றவன் கூசினான். அய்ரோப்பியர் வீட்டு வேலைக்காரர்கள் பெரும்பாலும் பறையர்களே என்று அபே துபுவா எழுதி வைத்திருக்கிறான். இதிலுள்ள முரணைப் பாருங்கள். நாட்டை ஆள்கிறவனின் சோற்றைச் சமைக்கலாம், கட்டிலை விரிக்கலாம், பிள்ளையைத் தூக்கி வளர்க்கலாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது அக்கிரகாரத் தெருவில் நடக்கக் கூடாது. பங்களாக்களில் குளியலறைக்குப் பின்பக்கம் தனியாக ஒரு வாசல் வைத்துக் கட்டினார்கள். தோட்டி வீட்டுக்குள் நடக்காமல் வெளியிலிருந்தே வந்து மலத்தை எடுத்துப் போவதற்கு. நம்மூர்ச் சாதியை ஆங்கிலேயன் எடுத்துக் கொத்தனாரிடம் கொடுத்து, சுண்ணாம்பில் கட்டிவைத்த வாசல் அது.

அவனுடைய படையிலும் நாம் இருந்தோம். பிளாசியில் கிளைவோடு நின்று போரிட்டவர்கள் துசாதுகள், அவர்கள் தீண்டப்படாதவர்கள். கோரேகாவில் நின்றவர்கள் மகர்கள் என்று அம்பேத்கர் எடுத்துக் காட்டினார். சென்னைப் படையில் பறையர்கள் இருந்தார்கள். வேலை முடிந்ததும் என்ன செய்தான்? 1890களில் 'வீரசாதி' என்று ஒரு கணக்குப் போட்டு மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினான். நமது தோளில் ஏறிச் சுவரைத் தாண்டியவன், தாண்டியபின் நம் கையைத் தட்டிவிட்டான். ஆகவே "வெள்ளைக்காரன்தான் நமக்கு விடுதலை தந்தான்" என்று ஒரு வார்த்தையில் முடிக்கிற தோழர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. பள்ளிக்கூடமும் ராணுவமும் கப்பலும் நமக்குச் சந்து திறந்தன, உண்மை. திறந்தவன் நமக்காகத் திறக்கவில்லை. கிடைத்த சந்தில் நுழைந்தது நம் பாட்டன்களின் சாமர்த்தியம். அந்தப் பெருமையைத் தூக்கி வெள்ளைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

* * *

1801இல் தென்னார்க்காடு முழுசாகக் கம்பெனி கைக்கு வந்தது. கடலூர் தலைநகர். கார்டன் ஹவுஸ் கலெக்டரின் வீடானது. இங்கிருந்துதான் நம் கதை இந்த வீட்டோடு நேரடியாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

1819இல் சென்னை ரெவின்யூ போர்டு கலெக்டர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: உங்கள் ஜில்லாவில் நிலத்தோடு கட்டுண்ட அடிமைகள் உண்டா, நிலை என்ன? தமிழ் ஜில்லாக் கலெக்டர்கள் பதில் எழுதினார்கள். அடிமைகள் உண்டு, விற்கலாம், அடமானம் வைக்கலாம், பறையர், பள்ளர் என்று சாதிப் பெயரோடு எழுதினார்கள். ஆக, ஆள்கிறவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்தான்? நில வரி ஒழுங்காக வரவேண்டும். வரி கட்டுகிறவன் மிராசுதார். மிராசுதாருக்கு ஆள் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. கோப்பு மூடப்பட்டது. கேள்வி கேட்டதற்கும் சட்டம் வந்ததற்கும் நடுவில் இருபத்துநாலு வருஷம். 1843ஆம் ஆண்டின் அய்ந்தாம் சட்டம் என்ன சொன்னது? அடிமை என்ற உரிமையை நீதிமன்றம் இனி ஏற்காது என்றது. அடிமை வைத்திருப்பது குற்றம் என்று சொல்லவில்லை. குற்றமாவதற்கு 1862 ஜனவரியில் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் சேரியில் வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? கலெக்டர் கோப்பைத் தேட வேண்டாம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தைப் படியுங்கள். 1861இல் அச்சான புத்தகம். சேக்கிழாரின் நந்தனாருக்கு இல்லாத ஒரு முதலாளி பாரதியாரின் நந்தனுக்கு வந்து சேர்ந்தான்: வேதியர் என்கிற பார்ப்பனப் பண்ணையார். நந்தன் சிதம்பரம் போவதற்கு அவனிடம் கெஞ்சுகிறான். அவன் விடமாட்டேன் என்கிறான். நாற்பது வேலியும் விளைந்தாக வேண்டும் என்கிறான். சட்டப்படி 1843லேயே விடுதலை பெற்றவனாக இருக்க வேண்டிய ஒரு மனுசன், 1861லும் ஒரு நாள் ஊர்ப் பயணத்துக்கு ஆண்டையிடம் அனுமதி கேட்டு அழுகிறான்! கதாகாலட்சேப மேடையில் இதைக் கேட்டு உருகி அழுதவர்கள் யார்? வேதியர்களும் பண்ணையார்களும்தான். அழுதுவிட்டுக் காலையில் எழுந்து வயலுக்குப் போய் தங்கள் நந்தன்களை அடித்தார்கள்.

எம்.ஏ. வகுப்பில் எனக்கு நந்தனாரைப் பாடம் நடத்திய பேராசிரியர் அதைப் பக்திச்சுவை என்றார். "அய்யா, இது பண்ணையடிமை ஆவணம் இல்லையா?" என்று கேட்டேன். "இலக்கியத்துல போயி சாதிய நோண்டாதப்பா" என்றார். நோண்டவில்லை அய்யா. அது மேலேயே கிடக்கிறது.

நிலத்தின் கதையும் இதுதான். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினான். 1892இல் அரசாணை வந்தது. நமக்கென்று நிலம் ஒதுக்கினார்கள்; அதுதான் பஞ்சமி நிலம். தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை. காகிதத்தில் இருக்கிறது. நிலம் யாரிடம் இருக்கிறது? அதைத் திருப்பிக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. காரணையின் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த நிலத்தைத் திரும்பக் கேட்டால் குண்டு. 1690இல் குண்டு போட்டு நிலத்தை அளந்தான் வெள்ளைக்காரன். 1994இல் குண்டு போட்டுப் பதில் சொன்னான் நம்மூர்க்காரன்.

* * *

"அடிமைச் சின்னம், இடித்துத் தள்ளு" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. கிளைவ் பெயரைத் துடை, ஆங்கிலேயன் கட்டியதை அகற்று என்கிறது. எந்த அடிமைத்தனத்தின் சின்னம் என்று கேட்டால் பதில் இருநூறு வருஷத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் ஆயிரம் வருஷம் நம்மை அடிமையாக வைத்திருந்தவன் யார் என்ற கேள்வி வந்தால் வாய் மூடிக்கொள்கிறது. கார்டன் ஹவுஸை இடித்தால் யாருக்கு லாபம்? வெள்ளைக்காரனும் மிராசுதாரும் கூட்டுச் சேர்ந்து நம்மை ஆண்டதற்குக் கண்ணெதிரே நிற்கிற சாட்சி போய்விடும். சாட்சியைக் கலைக்கிறவன் வழக்கில் யார் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. இடிக்கக் கூடாது என்பதே என் கட்சி.

இன்னொரு கூட்டம் பாதுகாக்கச் சொல்கிறது. தூணைப் பார், வளைவைப் பார், காற்றோட்டத்தைப் பார் என்கிறது. பாதுகாக்கட்டும். யாருடைய கதையோடு பாதுகாப்பது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் விட்னி என்று ஒரு பண்ணை மாளிகை. 2014இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். முதலாளியின் மேசை நாற்காலியைக் காட்டுவதற்காகத் திறக்கவில்லை. அங்கே அடிமைகளாக உழைத்த கறுப்பர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்து, அவர்களுடைய குடிசைகளைக் காட்டி, அவர்கள் சொன்ன கதையைச் சொல்கிறார்கள். செனகலில் கோரே தீவில் 'அடிமைகளின் வீடு' என்றே ஒரு வீட்டுக்குப் பெயர். உலகம் முழுக்க ஆட்கள் போய் அதன் வாசலில் நிற்கிறார்கள். வீடு அதே வீடுதான். யார் வாயால் கதை சொல்லப்படுகிறது என்பது மாறியது.

நம் மாவட்டத்தில் இன்னொரு பாதுகாக்கப்பட்ட கட்டடத்தையும் பார்க்க வேண்டும். சிதம்பரம் நடராசர் கோயில். நந்தன் தெற்கு வாயில் வழியாகத்தான் உள்ளே போனான், அதனால்தான் அந்தப் பக்கம் சுவர் எழுப்பி அடைத்தார்கள் என்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சுவரை அகற்றச் சொல்லி இயக்கங்கள் போராடியிருக்கின்றன. நந்தனை நெருப்பில் குளிப்பாட்டித்தான் உள்ளே விட்டார்கள் என்பதைப் புராணமே ஒப்புக்கொள்கிறது. எரித்ததைக் குளிப்பாட்டியது என்று எழுதுகிற கை, அடைத்ததைப் பாதுகாத்தது என்று எழுதாதா? கடலூரில் ஒரு வீடு, சிதம்பரத்தில் ஒரு சுவர். ஒன்று வெள்ளைக்காரனுடைய நினைவுக்காக நிற்கிறது. இன்னொன்று நம் நினைவை மறைக்க நிற்கிறது.

இதே சிதம்பரத்தில் நாம் கட்டியதும் உண்டு. அதைச் சொல்லாமல் வெறும் ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த சுவாமி சகஜானந்தர் 1916இல் ஓமக்குளம் பக்கம் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தன் எரிந்ததாகச் சொல்லப்படுகிற இடத்தில் எழுத்து சொல்லிக்கொடுத்தார். கோயிலுக்குள் விடாதவன் ஊரில் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தார். தென்னார்க்காட்டுச் சேரிகளில் முதல் தலைமுறையாகப் பேனா பிடித்தவர்கள் எத்தனை பேர் அங்கே உண்டு உறங்கிப் படித்தவர்கள்! காட்டுமன்னார்கோயில் மண்ணிலிருந்து வந்த எல். இளையபெருமாள் 1952லேயே நாடாளுமன்றம் போனார். 1965இல் தீண்டாமை குறித்து ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரானார். நாடு முழுக்கச் சுற்றி, சேரி சேரியாகக் கேட்டு, 1969இல் அறிக்கை வைத்தார். 1819இல் வெள்ளைக்காரக் கலெக்டர்கள் நம்மைப் பற்றி எழுதினார்கள்; 150 வருஷம் கழித்துச் சேரிக்காரர் ஒருவரே எழுதினார். வரலாற்றில் இது சின்ன விஷயமா? அவருக்குச் சிதம்பரத்தில் நூற்றாண்டு நினைவு அரங்கம் 2025இல்தான் திறக்கப்பட்டது. நாலு மாசம் இருந்தவனுக்கு உடனே தெரு. வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்கு நூறு வயசு கடந்த பிறகு அரங்கம். இருந்தாலும் வந்ததே, வரட்டும். அரங்கத்தில் மாலை போடுவதோடு நிற்காமல் அந்த அறிக்கையைத் தமிழில் மலிவு விலையில் அச்சிட்டுச் சேரிதோறும் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது ஏன் கிளறுகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: தெற்குத் திட்டை. சிதம்பரத்துக்குப் பக்கம், இதே கடலூர் மாவட்டம். 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் வெளியே வந்தது. ஊராட்சிக் கூட்டம் நடக்கிறது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், தலித் பெண், தரையில் உட்கார்ந்திருக்கிறார். சட்டம் கொடுத்த நாற்காலியைச் சாதி பிடுங்கிக்கொண்டது. 1843இல் காகிதத்தில் விடுதலை, வயலில் அடிமை. 2020இல் காகிதத்தில் தலைவர், கூட்டத்தில் தரை. பழங்கதை எது, புதுக்கதை எது? நீங்களே சொல்லுங்கள்.

* * *

ஆகவே நாம் கேட்பது இது.

மஞ்சக்குப்பத்து வீட்டைக் காப்பாற்றுங்கள். அதன் வாசலில் கிளைவ் பெயரை எழுதுகிற பலகையில் அவன் நாலு மாசம்தான் இருந்தான் என்பதையும் எழுதுங்கள். குண்டு கிராமங்களின் கதையை, அதற்குள் அகப்பட்ட சேரிகளோடு சேர்த்து எழுதுங்கள். 1819இல் கலெக்டர்கள் அடிமைகளைப் பற்றி எழுதிய பதில்களைத் தமிழாக்கி, அந்த வீட்டின் சுவரில் மாட்டுங்கள். அங்கே சமைத்தவர்கள், கூட்டியவர்கள், மலம் அள்ளியவர்கள், பங்கா இழுத்தவர்கள் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் கடலூரைச் சுற்றி இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, அந்தக் குரலை அந்த அறைகளிலேயே ஒலிக்க விடுங்கள். ஒரு அறையைச் சேரிப் பிள்ளைகளுக்கு நூலகமாகக் கொடுங்கள். முன்வாசல் வழியாக வரட்டும்.

அரசு செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் ஒரு துரை பங்களா, ஒரு ஜமீன் மாளிகை, ஒரு பெரிய பண்ணை வீடு கட்டாயம் இருக்கும். அதை யார் ஆண்டது என்பது ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. யார் கட்டியது, யார் கூட்டியது, எந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள், என்ன கூலி, அடி வாங்கியது எதற்காக - இதைச் சேரிக் கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். பெயரோடு எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் எந்தப் புயலுக்கு முன், எந்தப் பஞ்சத்துக்குப் பின் என்று எழுதுங்கள். கிழவிகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு சாவிலும் ஒரு ஆவணக் காப்பகம் எரிகிறது.

செங்கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் வைத்து முந்நூறு வருஷம் நிற்கிற கூரையைக் கட்டத் தெரிந்தவர்கள் நாம். நம் வரலாற்றுக்கும் நாமே செங்கல் அறுப்போம்.